பொத்தான் கடை மூவண்ணியின் இளைய மகன்

பிராணிகள் மருத்துவமனையின் வாசல் மேசையில் முப்பத்தொரு வருஷமாக உட்கார்ந்து சீட்டு எழுதுகிறவளுக்குச் சீட்டக்கா என்றுதான் பெயர். பெற்றவர்கள் வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அவளுடைய புருஷனுக்கே சட்டென்று வாயில் வராது.

அவள் அங்கே வந்து சேர்ந்ததே பெரியக்காவுக்குப் பதிலாக. பெரியக்கா அங்கே தரை துடைக்கிற வேலையில் இருந்தாள். மூத்த பிள்ளை பிறந்தபோது, "ஒரு வாரம் எனக்குப் பதிலாப் போயிட்டு வாடி" என்று தங்கையை அனுப்பினாள். அந்த ஒரு வாரம் இன்னும் முடிந்தபாடில்லை. அன்றைக்குத் தொட்டிலில் கிடந்தவனுக்கு இன்றைக்கு இரண்டு பிள்ளைகள். உறவுக்காரர்கள் நாலு பேர் கூடிவிட்டால் போதும், "என் வேலையைப் பிடுங்கிக்கிட்டுப் போன மகராசி இவதான்" என்று பெரியக்கா இன்னமும் விரலை நீட்டிக் காட்டிவிட்டுத்தான் உட்காருவாள்.

சீட்டக்கா படித்தது ஆறாம் வகுப்பு. முதலில் தரை துடைத்தாள். பிறகு மிருகங்களைப் பிடித்துக்கொள்ளக் கற்றாள். எப்பேர்ப்பட்ட அடங்காத பூனையும் அவள் ஒரு துண்டைப் போட்டுச் சுற்றி அக்குளில் இடுக்கினால், கைக்குழந்தை மாதிரி மூக்கை மட்டும் நீட்டிக்கொண்டு கிடக்கும். அப்போதிருந்த பெரிய டாக்டர்தான் அவளுடைய ஞாபகசக்தியைப் பார்த்து மேசைக்கு மாற்றினார். எந்தப் பூனைக்கு எந்தப் பூனை பிள்ளை, அதற்கு எத்தனை உடன்பிறப்பு, யார் யார் வீட்டுக்குப் போயின என்று கேட்டால் கல்யாணத் தரகர் மாதிரி மூன்று தலைமுறை சொல்லுவாள்.

அதனால் அவள் எழுதுகிற சீட்டும் ஒரு தினுசாக இருக்கும். "சாம்பல் நிறம், வால் நுனி வளைவு. தையற்கடைக் கறுப்பிக்கு இரண்டாவது மகள். காதில் சொறி." அவ்வளவுதான். வளர்க்கிறவர் பெயரோ போன் நம்பரோ அதில் மருந்துக்கும் இருக்காது. இப்போதைய டாக்டரம்மா சின்ன வயசுக்காரி. வந்த புதிதில் சீட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"அக்கா, இதுல மனுஷங்க யாராவது இருக்காங்களா?"

"மனுஷங்க வீடு மாத்துவாங்க, நம்பர் மாத்துவாங்க டாக்டரம்மா. பெத்த அம்மா மாறுமா?"

டாக்டரம்மா சிரித்துவிட்டாள். சிரித்ததோடு விட்டதுதான் தப்பாகப் போயிற்று.

மேசைமேல் ஒரு கறுப்பு டெலிபோன். கூப்பிட்டது யார் என்று காட்டுகிற வசதியெல்லாம் அதற்குக் கிடையாது. மணி அடிக்கும், எடுத்தால் ஆள் பேசும், வைத்தால் போச்சு. காலை ஒன்பது மணிக்குத் தொடங்கினால் அதற்கு ஓய்வே இல்லை.

"பூனை புல்லைத் தின்னுட்டு வாந்தி எடுக்குதுங்க."

"எப்பவாவது ஒருதரம்னா பயம் இல்லைங்க. நக்கி நக்கி வயித்துக்குள்ள சேர்ந்த முடி உருண்டை வெளிய வருதான்னு பாருங்க. தினம் ஒருதரம் சீவி விடுங்க. நாலு தடவை, அஞ்சு தடவைன்னு எடுத்தா மட்டும் இங்க தூக்கிட்டு வந்துடணும்."

"மடியில ஏறி மாவு பிசையற மாதிரி ரெண்டு காலாலயும் அமுக்குதுக்கா. ஏதாவது நோயா?"

"நோயா? பால் குடிச்ச ஞாபகம்மா அது. உன்னைத் தாயா நினைச்சிருக்கு, சந்தோஷப்படு. நகத்தை மட்டும் வெட்டி விட்டுடு."

"செத்த பல்லியைக் கொண்டுவந்து என் தலையணையில வைக்குதுங்க."

"உங்களுக்கு வேட்டையாடத் தெரியலையேன்னு அதுக்குக் கவலை. திட்டாதீங்க, பாவம்."

ஒருத்தர், உடம்பு சுடுகிறது, நாம் போட்டுக்கொள்கிற காய்ச்சல் மாத்திரையில் பாதியைக் கொடுக்கட்டுமா என்று கேட்டபோது மட்டும் அவள் எழுந்தே நின்றுவிட்டாள். "முதல்ல கையில இருக்கிறதைக் கீழ வைங்க! கால் மாத்திரைகூட பூனையைக் கொன்னுடும். உடனே தூக்கிட்டு வாங்க!" அந்தப் பூனை வந்து, ஊசி போட்டுக்கொண்டு, டாக்டரம்மாவை ஒரு பிராண்டும் பிராண்டிவிட்டு நடந்தே வீட்டுக்குப் போனது.

இந்தப் பழக்கம் வீட்டிலும் விடவில்லை. தூரத்தில் கட்டிக்கொடுத்த மகள், குழந்தைக்கு உடம்பு சரியில்லை என்று போன் செய்தால், "சாப்பிடுதா? மூலையில போய் ஒளிஞ்சுக்குதா?" என்றுதான் முதலில் வரும். "அம்மா, அது உன் பேத்திம்மா!" என்று மகள் கத்துவாள்.

அன்றைக்குக் காலை பத்து மணி இருக்கும். போனில் ஓர் ஆண் குரல். பின்னால் ஏதோ இயந்திரம் ஓடுகிற சத்தம்.

"பூனை நேத்துலேர்ந்து மணல் தட்டுல போய்ப் போய் உட்காருதுங்க. முக்குது. ஒண்ணும் வரலை. காலையிலேர்ந்து சாப்பிடவும் இல்லை."

"எங்கேர்ந்து வந்த பூனைங்க அது?" என்று கேட்டாள். அவளுக்கு எப்போதும் முதல் கேள்வி அதுதான்.

"பொத்தான் கடையில பொறந்ததுங்க. அந்த மூணு நிறப் பூனை இருக்கே, அதோட குட்டி."

"அட, நம்ம மூவண்ணியோட பிள்ளையா!" சீட்டக்காவுக்கு முகமெல்லாம் மலர்ந்துவிட்டது. கறுப்பு, மஞ்சள், வெள்ளை மூன்றும் கலந்த அந்தப் பூனையை அவளுக்கு நன்றாகத் தெரியும். இரண்டு வருஷத்துக்கு முன்னால் மூன்று நாள் மலம் போகாமல் இதே மாதிரி தட்டில் உட்கார்ந்து முக்கிக்கொண்டு கிடந்தது. பூசணிக்காயை வேகவைத்து மசித்துத் தீனியில் கலந்து கொடுத்ததில் இளகிச் சரியாய்ப் போயிற்று.

"அம்மாவுக்கு இருந்த குடல்தான் பிள்ளைக்கும். பூசணியை வேகவச்சு மசிச்சு ஒரு ஸ்பூன் கொடுங்க. தண்ணி நிறைய வைங்க. நாளைக்கு வரைக்கும் பாருங்க, தானாப் போயிடும்."

"நாளைக்கு வரைக்கும் பார்க்கலாம்ங்களா?"

"தாராளமா."

அவர் நன்றி சொல்லிவிட்டு வைத்துவிட்டார்.

மத்தியானம் நாத்தனார் வந்தாள். அவள் வீடு வீடாகப் போய் மின்சார மீட்டர் பார்த்துக் குறித்துக்கொண்டு வருகிற உத்தியோகத்தில் இருப்பவள். ஸ்கூட்டரை மருத்துவமனை மரத்தடியில் நிறுத்திவிட்டு அண்ணியோடு உட்கார்ந்து சாப்பிட்டுவிட்டுத்தான் மிச்சத் தெருக்களுக்குப் போவாள்.

"என்ன அண்ணி, உங்க சொந்தபந்தமெல்லாம் சௌக்கியமா?"

"உனக்கு எப்பவும் கேலிதான்டி. இன்னிக்கு மூவண்ணி பிள்ளையைப் பத்தி ஒருத்தர் கேட்டார்" என்று சீட்டக்கா சாப்பாட்டுப் பாத்திரத்தைத் திறந்துகொண்டே, காலையில் நடந்ததை ஒன்றுவிடாமல் சொன்னாள். அம்மாவுக்கு வந்ததே பிள்ளைக்கும் வந்திருக்கிறது பார் என்று அதில் அவளுக்குக் கொஞ்சம் பெருமைகூட.

கை கழுவிக்கொண்டிருந்த டாக்டரம்மா குழாயை மூடினாள்.

"அக்கா. ஒண்ணுக்குப் போச்சான்னு கேட்டீங்களா?"

அதைச் சீட்டக்கா கேட்கவில்லை.

"ஆணா, பொண்ணா?"

அதையும் அவள் கேட்டிருக்கவில்லை. ஆனால் அவளுக்குக் கேட்க வேண்டிய அவசியமே இல்லை. மூவண்ணிக்குக் குட்டிகள் நான்கு. பெண் இரண்டு, ஆண் இரண்டு. மூத்த மகள் டாக்டரம்மாவின் மாமியார் வீட்டிலேயே கொழுத்துக்கொண்டிருக்கிறது. அடுத்த மகள் ஒரு குடும்பத்தோடு ஊரைவிட்டே போய்விட்டது. மிச்சம் இரண்டும் கடுவன். கணக்குப் போட்டு முடித்ததும் அவள் கையிலிருந்த கவளத்தைப் பாத்திரத்திலேயே போட்டுவிட்டாள்.

கடுவன் பூனைக்கு மூத்திரக் குழாய் நூல் மாதிரி. அதில் பொடிக்கல் போய் அடைத்துக்கொண்டால், அதுவும் தட்டில் உட்கார்ந்து முக்கத்தான் செய்யும். பார்க்கிறவர்கள் மலச்சிக்கல் என்று நினைப்பார்கள். எத்தனை பேருக்கு அவளே இதைச் சொல்லியிருக்கிறாள்! மூவண்ணி பெயரைக் கேட்ட சந்தோஷத்தில் எல்லாம் மறந்துபோனது.

"நேத்துலேர்ந்து அடைச்சிருந்தா நாளைக்கு வரைக்கும் தாங்காது அக்கா" என்றாள் டாக்டரம்மா. குரலை உயர்த்தவில்லை. "விஷம் ரத்தத்துல ஏறிடும். இன்னிக்கு சாயங்காலத்துக்குள்ள இங்க வந்தாகணும். யாரு பேசினது?"

"தெரியலை."

"நம்பர்?"

சீட்டக்கா மேசையைப் பார்த்தாள். முப்பத்தொரு வருஷத்துச் சீட்டுகளில் எதிலும் ஒரு நம்பர் இல்லை.

டாக்டரம்மாவுக்கு அறுவை மேசையில் ஒரு நாய் மயக்கத்தில் கிடந்தது. அவளால் நகர முடியாது. சீட்டக்கா பாத்திரத்தை அப்படியே மூடி வைத்துவிட்டு, "வண்டியை எடுடி" என்றாள்.

"எங்க அண்ணி?"

"முதல்ல மூத்தவன் வீட்டுக்கு."

மூத்தவன் மஞ்சள் பட்டைக்காரன், வளர்வது சலவைக் கடையில். இவர்கள் போய் இறங்கியபோது, தேய்த்து அடுக்கிய சூடான படுக்கை விரிப்புகளின்மேல் நான்கு காலையும் பரப்பிக்கொண்டு தூங்கிக்கொண்டிருந்தது.

"காலையில போன் பண்ணினது நீங்களா? இது ஒண்ணுக்குப் போச்சா?" என்று சீட்டக்கா மூச்சு வாங்கக் கேட்டாள்.

சலவைக்காரர் தேய்ப்புப் பெட்டியை நிமிர்த்தி வைத்தார். "நான் எந்த போனும் பண்ணலை. ஆனா கேட்டீங்களே, அதுக்குச் சொல்றேன். விடிஞ்சதும் வாடிக்கைக்காரர் கோட்டு மேல பின்பக்கத்தைத் திருப்பிப் பீச்சி அடிச்சிருக்கான். போதுமா, இன்னும் வேணுமா?"

"நல்ல பையன்" என்றாள் சீட்டக்கா.

"நல்ல பையனா!"

"கடுவன்னா அப்படித்தான், எல்லை போடறான். வர்ற வாரம் கூட்டிட்டு வாங்க, ஆபரேஷன் பண்ணிட்டா குறைஞ்சுடும்" என்று சொல்லிக்கொண்டே அவள் ஸ்கூட்டரில் ஏறிவிட்டாள். அப்படியானால் இளையவன்தான். கறுப்பு உடம்பு, வெள்ளை மார்பு. அவன் போனது பாட்டு டீச்சர் வீட்டுக்கு.

பாட்டு டீச்சரின் வீடு இரண்டாவது மாடியில் இருந்தது. ஏறிப் போனால், உள்ளே நான்கு பெண்பிள்ளைகள் ஒரே வரியைத் திரும்பத் திரும்பப் பாடிக்கொண்டிருந்தார்கள். டீச்சர் கையைத் தூக்கி அவர்களை நிறுத்திவிட்டு வந்தாள். சீட்டக்கா பூனை எங்கே என்று கேட்டாள்.

"அது இப்ப என்கிட்ட இல்லைங்களே. அந்த முடி ஒத்துக்காம எனக்குத் தொண்டையே போயிடுச்சு. எங்க அக்கா வீட்டுக்குக் கொடுத்துட்டேன். அக்கா அப்ப படுத்த படுக்கை. பூனை அவ காலடியிலயே கிடக்கும். போன வருஷம் அக்கா போயிட்டா. இப்ப அத்தான் மட்டும்தான் வச்சிருக்கார்."

"அத்தான் எங்க வேலை பார்க்கிறார்?"

"புத்தகம் பைண்டிங் பண்ற இடத்துல."

பின்னால் ஓடிய இயந்திரச் சத்தம் சீட்டக்காவின் காதில் திரும்ப அடித்தது. டீச்சரே பைண்டிங் கடைக்குப் போன் போட்டாள். அவர் பதினோரு மணிக்கே வீட்டில் வேலை இருக்கிறது என்று அரைநாள் லீவு சொல்லிவிட்டுப் போய்விட்டாராம். வீட்டில் போன் கிடையாது.

"தண்ணித் தொட்டி பக்கத்துல மூணாவது சந்து" என்று டீச்சர் வழி சொல்ல ஆரம்பித்ததும் நாத்தனார் குறுக்கிட்டாள்.

"நீலக் கதவு. மீட்டர் மாடிப்படிக்கு அடியில இருக்கும். ரெண்டு மாசத்துக்கு ஒருதரம் போறேன், அந்த மனுஷர் இதுவரைக்கும் என்கிட்ட பேசினது நாலு வார்த்தை. பூனை இருக்குன்னு தெரியவே தெரியாதே அண்ணி!"

"நீ மீட்டரைப் பார்த்தே."

வழியெல்லாம் சீட்டக்கா பேசவில்லை. நாத்தனாருக்கு அதுதான் பயமாக இருந்தது. அண்ணி வாயை மூடிக்கொண்டு அவள் பார்த்தது தன் அப்பா செத்த அன்றைக்குத்தான். ஒரு திருப்பத்தில் மெதுவாகத் திரும்பிப் பார்த்து, "கண்டுபிடிச்சுட்டோம்ல அண்ணி" என்றாள்.

"கண்ணை ரோட்டுல வை."

நீலக் கதவைத் தட்டியதும் திறந்தவருக்கு அறுபது வயதிருக்கும். மெலிந்த மனிதர். ஒரு கையில் ஸ்பூன். சட்டை, கன்னம், கண்ணாடி எல்லாவற்றிலும் பூசணி விழுது. முழங்கை வரைக்கும் நகக் கீறல்.

"வாயைத் திறக்கவே மாட்டேங்குதுங்க" என்றார், இவர்கள் யார் என்றுகூடக் கேட்காமல். "நாளைக்கு வரைக்கும் பார்க்கலாம்னு ஆஸ்பத்திரியில சொன்னாங்க."

"சொன்னது நான்தான்" என்றாள் சீட்டக்கா. "தப்பாச் சொல்லிட்டேன். எங்க அது?"

அது கட்டிலுக்கு அடியில், சுவர் மூலையில் முகத்தைப் பதித்துக்கொண்டு கிடந்தது. பக்கத்தில் நுரையாகக் கொஞ்சம் வாந்தி. அவள் தரையில் குப்புறப் படுத்து, ஊர்ந்து உள்ளே போனாள். "வாடா ராஜா. உங்க அம்மாவை எனக்குத் தெரியும்டா. உங்க பாட்டியைக்கூடத் தெரியும், அவ என் விரலைக் கடிச்சவ" என்று பேசிக்கொண்டே கையை நீட்டினாள். அடிவயிற்றில் விரல் நுனியை வைத்ததும் தெரிந்துவிட்டது. உள்ளே எலுமிச்சம்பழம் மாதிரி ஒன்று கல்லாக இருந்தது. அழுத்தவில்லை. அழுத்தக் கூடாது என்று தெரியும்.

பூனைக்கூடை அவரிடம் இல்லை. பைண்டிங் அட்டைகள் வந்த கெட்டியான பெட்டி ஒன்று இருந்தது. அதில் தன் மனைவியின் பழைய போர்வையை விரித்துக் கொடுத்தார். சீட்டக்கா பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு ஸ்கூட்டரில் உட்கார்ந்தாள். பைண்டர் சைக்கிளை எடுத்தார். நாத்தனார் சத்தமாக ஹாரன் அடித்துக்கொண்டே போக, அவர் பூசணி அப்பிய சட்டையோடு எழுந்து நின்று மிதித்துக்கொண்டு பின்னாலேயே வந்தார். ஒரு திருப்பத்தில்கூட விட்டுவிடவில்லை.

டாக்டரம்மா மயக்க மருந்தைத் தயாராக வைத்திருந்தாள். பிடித்துக்கொண்டது சீட்டக்காதான். டாக்டரம்மா மெல்லிய குழாயை உள்ளே செலுத்த மூன்று தடவை பார்த்தாள், போகவில்லை. நான்காவது தடவை தண்ணீர் பீச்சிப் பீச்சி மெல்ல நகர்த்தியபோது ஏதோ விட்டுக்கொடுத்தது. எவர்சில்வர் தட்டில் ரத்த நிறத்தில் மூத்திரம் சலசலவென்று விழுந்தது. சீட்டக்காவின் கண்ணீரும் அந்தத் தட்டிலேயே விழுந்தது.

"இன்னும் சொல்ல முடியாது அக்கா" என்றாள் டாக்டரம்மா. "மூணு நாள் குழாய் இருக்கட்டும். ரத்தம் சுத்தமாகணும். குழாயை எடுத்த பிறகு தானாப் போகணும். போனாத்தான் பிழைச்சது." கையுறையைக் கழற்றிக்கொண்டே, "சொந்தம் விசாரிக்கிறது அப்புறம். முதல்ல ஒண்ணுக்கு" என்றாள். அதற்கு மேல் ஒரு வார்த்தை கடிந்துகொள்ளவில்லை.

பைண்டர் வெளியே பெஞ்சில் காலிப் பெட்டியை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். சீட்டக்கா பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நடந்ததைச் சொன்னாள். தன் தப்பையும் மறைக்காமல் சொன்னாள்.

அவர் வெகுநேரம் போர்வையை மடித்தார். மடித்ததைப் பிரித்து மறுபடியும் மடித்தார்.

"என் வீட்டுக்காரி இருந்திருந்தா நாளைக்கு வரைக்கும் பார்த்திருக்க மாட்டா" என்றார். "நீங்க என்ன சொன்னாலும் சரி, அப்பவே தூக்கிட்டு ஓடி வந்திருப்பா. நான்தான் சொன்னபடி கேட்கிற ஆளு."

சீட்டக்கா ஒரு சீட்டை எடுத்தாள். "பைண்டிங் கடை நம்பர் சொல்லுங்க. தினம் மூணு வேளையும் நானே கூப்பிட்டுச் சொல்றேன்."

அவர் சொன்னார். அவள் ஒவ்வொரு எண்ணாகத் திருப்பிச் சொல்லி எழுதிக்கொண்டாள்.

சொன்னபடி மூன்று வேளையும் கூப்பிட்டாள். "கண்ணைத் திறந்துட்டான்." "மீனை முகர்ந்து பார்த்தான், தின்னலை." "தின்னுட்டான். டாக்டரம்மா கையையும் சேர்த்து." போகப் போக அங்கே போனை எடுக்கிறவர் யாராக இருந்தாலும், "இதோ பூனைக்கார அண்ணனைக் கூப்பிடறேன்" என்று கத்துகிற சத்தம் கேட்டது.

நான்காம் நாள் காலையில் குழாயை எடுத்தார்கள். புது மணல் போட்ட தட்டைக் கூண்டில் வைத்துவிட்டுச் சீட்டக்கா தன் நாற்காலியை அதற்கு எதிரே இழுத்துப் போட்டுக்கொண்டாள். டாக்டரம்மாவே வந்து மேசையில் உட்கார்ந்து சீட்டு எழுதினாள். வந்தவர்களெல்லாம், பெயர் கேட்கிறார்களே, போன் நம்பர் கேட்கிறார்களே என்று திகைத்தார்கள்.

பதினோரு மணிக்குப் பூனை எழுந்து தட்டில் ஏறியது. மணலைப் பறித்தது. உட்கார்ந்தது. எழுந்துவிட்டது. சீட்டக்கா நாற்காலியை இன்னும் கொஞ்சம் முன்னால் இழுத்துக்கொண்டாள். பன்னிரண்டுக்கு மறுபடி ஏறி, வேறு மூலையைப் பறித்து, உட்கார்ந்து, எங்கேயோ சுவரைப் பார்த்தது. அவள் மூச்சே விடவில்லை. அது முக்கவில்லை, கத்தவில்லை. சும்மா உட்கார்ந்திருந்தது. பிறகு எழுந்து, திரும்பி முகர்ந்து பார்த்துவிட்டு, கர்ம சிரத்தையாக மணலைத் தள்ளி மூடியது.

அவள் கூண்டைத் திறந்து கரண்டியால் மணலைக் கிளறினாள். கட்டி கட்டியாக ஈரம்.

ஓடிப் போய் டாக்டரம்மாவின் கையிலிருந்த டெலிபோனைப் பிடுங்கினாள். யாரோ பேசிக்கொண்டிருந்தார்கள். "பிறகு கூப்பிடுங்க" என்று வைத்துவிட்டு நம்பரைச் சுழற்றினாள். முதல் மணியிலேயே எடுத்தார்கள். எடுத்தது அவரேதான்.

"போயிட்டான்!" என்று கத்தினாள். பெஞ்சில் இருந்த நாய்கள் குரைக்க ஆரம்பித்தன. "தானாப் போயிட்டான்! மூடிக்கூட வச்சுட்டான்!"

மறுமுனையில் இயந்திரம் நின்றது. அவர் போனின் வாயைப் பொத்திக்கொண்டு அங்கே இருந்தவர்களிடம் ஏதோ சொன்னார். நாலைந்து பேர் கைதட்டுவது கேட்டது. பிறகு அவர், "எவ்வளவுங்க?" என்று கேட்டார்.

சீட்டக்கா உள்ளங்கையை விரித்துப் பார்த்துக்கொண்டாள். "என் கை அகலத்துக்கு இருக்கும்ங்க."

"உங்க கை எவ்வளவு பெரிசுன்னு எனக்குத் தெரியாதே" என்றார் அவர். "நானே வந்து பார்த்துக்கறேன். கொட்டிடாதீங்க."